சந்தைக்கு வெளியே முடிந்த வியாபாரம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

சென்ற ஆண்டு ரமளானுக்கு இரண்டு வாரங்கள் இருக்கையில், ஓர் இரவு இஷா தொழுதுவிட்டு வீடு திரும்பியபோது, பத்தமடையிலிருந்து என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். ஸலாம் சொன்ன குரலிலேயே நடுக்கம் தெரிந்தது.

“காக்கா, என் கணக்கை நிறுத்தி வைத்துவிட்டார்கள். விற்ற இரண்டு பாய்களுக்கு வரவேண்டிய பணமும் அதற்குள்ளே நிற்கிறது.”

அவள் பாய் நெய்பவள். தாமிரபரணித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்த கோரையை நூல்போல் கீறி, பட்டுநூல் பாவில் நெய்யப்படும் பத்தமடைப் பட்டுப் பாயைப் பற்றி நம்மில் பலர் அறிந்திருப்போம். மணமக்கள் பெயரை எழுத்தாகக் கோத்து நெய்யும் கல்யாணப் பாய்க்கு ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு வேண்டும். மச்சான் மவுத்தான பிறகு, இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்த வீட்டின் அடுப்பும் அந்தத் தறியை நம்பியே நடக்கின்றன. உள்ளூர் வியாபாரிகள் கொடுத்த விலை போதாமல், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இணையச் சந்தையில் அவளுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். விற்கும் ஒவ்வொரு பாய்க்கும் நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் அந்த நிறுவனத்திற்குக் கட்டணம். நீண்ட நிபந்தனைப் பட்டியலின் கீழே, ஏற்றுக்கொள்கிறேன் என்ற கட்டத்தில் அடையாளமிட்டவன் நான்தான். அதில் ஒரு வரியைக்கூட அன்று நான் படிக்கவில்லை.

நடந்தது இதுதான். கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பத்தார் அந்தத் தளத்தில் அவளுடைய பாயைப் பார்த்து, தம் மகளின் நிக்காஹ்வுக்குப் பெயர் நெய்த பாய் ஒன்று வேண்டுமென்று செய்தி அனுப்பினார்கள். விலை 14,000 ரூபாய். தளத்தின் வழியே விற்றால் 2,100 ரூபாய் கட்டணம் போக அவள் கைக்கு 11,900 வரும். அப்போது அவர்களே ஒரு யோசனை சொன்னார்கள். தளத்தை விட்டுவிட்டு நேரடியாகப் பணம் அனுப்பினால் 13,000 தருவதாகக் கூறினார்கள். அவர்களுக்கு ஆயிரம் மிச்சம். இவளுக்கு ஆயிரத்து நூறு கூடுதல். தங்கை என்னிடம் கேட்டாள். “தாராளமாகச் செய்யலாம்” என்றேன். செய்திப் பெட்டியில் தொலைபேசி எண்ணை இலக்கத்தில் எழுதினால் தளம் மறைத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே எண்ணை எழுத்தில், இடையிடையே வேறு சொற்களைக் கலந்து எழுதி அனுப்பச் சொன்னவனும் நானே.

பாய் நெய்து அனுப்பப்பட்டது. பணமும் வந்தது. சில வாரங்கள் கழித்துத் தளத்திலிருந்து அறிவிப்பும் வந்தது. எண் பரிமாறப்பட்ட செய்தியைச் சுட்டிக்காட்டி, தளத்தில் அறிமுகமான ஒருவருக்குத் தளத்திற்கு வெளியே விற்றது நிபந்தனைக்கு மாறானது என்று கூறி, 2,100 ரூபாயைக் கேட்டிருந்தார்கள். அதோடு நிற்கவில்லை. பாளையங்கோட்டையிலுள்ள ஒரு பேராசிரியையின் பெயரையும் குறித்து, 6,000 ரூபாய்ப் பாய் ஒன்றுக்காக இன்னுமொரு 900 ரூபாயும் கேட்டிருந்தார்கள். அந்த அம்மையார் தளத்தில் ஒரு முறை பாயின் அளவை விசாரித்துவிட்டு, “வீட்டுக்கு வந்து பார்க்கலாமா?” என்று கேட்டிருந்தார். இவளும் “வாருங்கள்” என்று பதில் எழுதியிருந்தாள். ஆனால் அவர் தளம் அறிமுகப்படுத்திய வாடிக்கையாளர் அல்லர். தளத்தில் இவள் சேர்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வீட்டுக்கு வந்து பாய் வாங்குகிறவர்.

ஆக மொத்தம் 3,000 ரூபாய் கோரிக்கை. கணக்கில் நிறுத்தப்பட்டிருந்த தொகை 9,400 ரூபாய். ஒரு விதவையின் உழைப்பை இப்படிப் பிடித்து வைக்கிறார்களே என்று எனக்குக் கோபம் பொங்கியது. அன்றிரவே ஒரு மறுப்புக் கடிதத்தை எழுதினேன். இரண்டு விற்பனைகளும் நடக்கவேயில்லை என்றும், கோவைக் குடும்பத்தார் எண்ணை வாங்கிக்கொண்டு பிறகு பேசவே இல்லை என்றும் எழுதி, தங்கைக்குப் படித்துக் காட்டினேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

“பாளையங்கோட்டை அம்மா விஷயத்தில் நாம் சொல்வது சரி. மற்றது பொய்தானே காக்கா? வாப்பாவுக்கு இப்படித்தானே செய்தார்கள்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கடிதம் அனுப்பப்படாமலே கிடந்தது.

எங்கள் வாப்பா மாட்டுத் தரகர். மேலப்பாளையம் சந்தை கூடும் செவ்வாய்க்கிழமைகளில், ஃபஜ்ரு தொழுத கையோடு தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் தம் கையை விற்பவரின் கையோடு துண்டுக்குள் மறைத்து, விரல்களைப் பிடித்தே விலையைக் கேட்பார். பிறகு வாங்குபவரிடமும் அப்படியே. எந்த விரல் நூறு, எந்த விரல் ஆயிரம் என்பது அவர்களுக்குள் தெரியும். சுற்றி நிற்கும் யாருக்கும் தெரியாது. இருவரையும் மெல்ல மெல்ல ஒரே தொகைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் வாப்பாவின் தொழில். மாடு கைமாறினால் தரகு உண்டு. மாறாவிட்டால் நாள் முழுதும் வெயிலில் நின்றதற்கு ஒரு பைசாவும் இல்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒரு நாள் அவர்களோடு சென்றிருந்தேன். ஒரு சோடிக் காளைக்கு வாப்பா காலையிலிருந்து லுஹர் வரை பேசினார்கள். விலை ஏறக்குறைய ஒத்துவந்த நேரத்தில், இரு தரப்பாரும் திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, இது ஒத்துவராது என்று விலகிவிட்டார்கள். அஸர் தொழுதுவிட்டு நாங்கள் வீட்டுக்கு நடந்து வரும்போது, சந்தைக்கு வெளியே தேநீர்க் கடையோரம் அதே காளைகளை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விற்றவர் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவருடைய விரல் நின்றுவிட்டது. அந்த விரல்களைத்தான் வாப்பா காலையெல்லாம் பிடித்திருந்தார்கள்.

நான் சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வாப்பா அவரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நடந்தார்கள். வீடு நெருங்கியபோதுதான், “நம்ம கூலி அவங்ககிட்டே நிக்குது வாப்பா. மறுமையிலே அதைத் திருப்பிக் கொடுக்க அவங்ககிட்டே ரூபாய் இருக்காது” என்றார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டில் மீன் வாங்கவில்லை. உம்மா ஏன் என்று கேட்கவுமில்லை.

அந்தச் சம்பவத்தை நான் பலமுறை என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் நான் வாப்பாவின் பக்கத்தில் நிற்பதாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். தேநீர்க் கடையோரம் பணம் எண்ணிய மனிதரின் இடத்தில் நானே என் தங்கையைக் கொண்டுபோய் நிறுத்தியிருப்பது, அவள் கேட்ட பிறகுதான் உறைத்தது.

ஆனாலும் மனம் உடனே பணியவில்லை. வாப்பா ஏழை. இதுவோ முதலீட்டாளர்களின் பணத்தில் நடக்கும் பெரும் நிறுவனம். இரண்டும் ஒன்றாகுமா? மறுநாள் மஃரிபுக்குப் பின் எங்கள் பள்ளியின் இமாம் ஹஜ்ரத்திடம் இதைக் கொண்டுசென்றேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு விளக்கியவற்றை என் சொற்களில் தருகிறேன்.

தரகு என்பது மார்க்கத்தில் புதிய செய்தியன்று. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் வணிகர்கள் தரகர்களைக் குறிக்கும் ‘ஸமாஸிரா’ என்ற பெயராலேயே அழைக்கப்பட்டு வந்தார்கள். நபியவர்கள்தாம் அதைவிட அழகிய ‘துஜ்ஜார்’ என்ற பெயரை அவர்களுக்குச் சூட்டி, வியாபாரத்தில் வீண்பேச்சும் சத்தியம் செய்தலும் கலந்துவிடுவதால் அதனோடு தர்மத்தைக் கலந்துகொள்ளுமாறு அறிவுறுத்தினார்கள் (அபூதாவூத், திர்மிதி). இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹ் நூலின் கூலி பற்றிய பகுதியில் தரகுக் கூலிக்கென்றே ஒரு பாடம் அமைத்து, இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகியோர் அதில் குற்றம் காணவில்லை என்று பதிவு செய்துள்ளார்கள். முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற நபிமொழியையும் அதே பாடத்தில் சேர்த்துள்ளார்கள். வேலை நிறைவேறினால் கூலி என்னும் ஏற்பாட்டுக்கு அறிஞர்கள் யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றிலிருந்து சான்று காட்டுவர். காணாமற்போன அரசரின் அளவைப் பாத்திரத்தைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று அங்கு அறிவிக்கப்பட்டது (12:72).

“கூலி கொடுப்பதற்கு முன்னால், வாங்குகிறவன் ஏழையா பணக்காரனா என்று பார்க்கச் சொல்லி மார்க்கம் சொல்லவில்லை. வேலை நடந்ததா, நீங்கள் ஒப்புக்கொண்டீர்களா, அவ்வளவுதான்” என்றார்கள் ஹஜ்ரத். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப்போவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸியையும் (புகாரி) நினைவூட்டினார்கள்.

பிறகு ஒன்று கேட்டார்கள்: “தொலைபேசி எண்ணை ஏன் எழுத்தில் எழுதச் சொன்னீர்கள்?”

நான் தலைகுனிந்தேன். உள்ளத்தை உறுத்துவதும், பிறர் அறிவதை நீ வெறுப்பதும் பாவம் என்று நபியவர்கள் அடையாளம் காட்டியிருக்கிறார்கள் (முஸ்லிம்). எங்கள் வழக்கில் அந்த அடையாளம் எழுத்தாகவே கிடந்தது. நியாயம் என்று நான் உண்மையில் நம்பியிருந்தால், எண்ணை எண்ணாகவே எழுதியிருப்பேன்.

ஆனால் ஹஜ்ரத் நிறுவனத்தின் பக்கம் மட்டும் பேசவில்லை. நிபந்தனைகள் கட்டுப்படுத்தும் என்ற அதே நபிமொழியின் திர்மிதி அறிவிப்பில், ஹலாலை ஹராமாக்கும் நிபந்தனைக்கும் ஹராமை ஹலாலாக்கும் நிபந்தனைக்கும் விலக்கு இருப்பதை எடுத்துச் சொன்னார்கள். பேராசிரியையை அறிமுகப்படுத்தியது தளம் அன்று. செய்யாத வேலைக்குக் கூலி கேட்பதும் அநீதியே. அதைப் பொறுத்துக்கொண்டு போகவேண்டிய கட்டாயமில்லை. வெளிப்படையாக மறுக்கலாம், சான்றோடு மறுக்கவேண்டும் என்றார்கள்.

அன்றிரவுதான் முதன்முறையாக அந்த நிபந்தனைகளை முழுதும் படித்தேன். வேறு சில தளங்களின் விதிகளையும் பார்த்தேன். 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே தளத்தில், வெளியே முடித்துக்கொள்வதற்காக எண்ணைப் பரிமாறினாலே, பொருள் விற்காவிட்டாலும் விற்பனைக் கட்டணத்தைக் கேட்க இடமிருக்கிறது. கைவினைப் பொருள்களுக்கான எட்சி, தன்னிடம் வந்த வாடிக்கையாளரை வேறிடத்துக்குத் திருப்பிவிடுவதைக் கட்டண ஏய்ப்பு என்றே குறிப்பிட்டுத் தடுக்கிறது. வீட்டிலிருந்தே வெளிநாட்டு வேலை செய்யும் நம் பிள்ளைகள் பலர் பயன்படுத்தும் அப்வொர்க், அறிமுகமான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் பணப் பரிமாற்றம் தன் வழியாகவே நடக்கவேண்டும், அல்லது விலகுவதற்கென்று தனிக் கட்டணம் செலுத்தவேண்டும் என்கிறது. ஓஎல்எக்ஸ் போன்ற விளம்பரப் பலகைத் தளங்களின் முறை வேறு. அங்கே தளம் வாங்குபவரையும் விற்பவரையும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இருவரும் நேரில் சந்தித்து முடித்துக்கொள்வதே அங்கு வழக்கம்; அதில் தவறேதுமில்லை. ஆகவே எல்லாத் தளங்களுக்கும் ஒரே தீர்ப்பு இல்லை. எதற்குக் கட்டணம் என்று நாம் எழுத்தில் ஒப்புக்கொண்டோம் என்பதே கேள்வி.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கோவைக் குடும்பத்தார் முன்பின் அறியாத ஒரு பெண்ணுக்கு 13,000 ரூபாயை முன்பணமாக அனுப்பினார்கள். பாய் வராமலிருந்தால், அல்லது மணப்பெண்ணின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைபட்டிருந்தால், அவர்கள் தளத்திடம் முறையிட்டிருக்க முடியாது. நுகர்வோர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தளங்களின் குறைதீர் அலுவலருக்குக் கடமை விதிக்கின்றன. தளத்தின் ஏட்டிலேயே இல்லாத விற்பனையைப் பற்றி அந்த அலுவலரிடம் என்னவென்று சொல்வது? ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று அவர்கள் எண்ணியது, தம் பாதுகாப்பை விற்றுக் கிடைத்த பணம். என் தங்கை நேர்மையானவள் என்பதால் அவர்களுக்குத் தீங்கு நேரவில்லை. எல்லா இடத்திலும் அப்படி அமையுமா?

மறுநாள் பழைய கடிதத்தை அழித்துவிட்டு, தங்கையின் பெயரில் புதிதாக ஒன்றை இருவரும் சேர்ந்து எழுதினோம். கோவை விற்பனை உண்மை, எண்ணைக் கொடுத்தது எங்கள் தவறு, 2,100 ரூபாயைப் பிடித்துக்கொள்ளலாம் என்று முதலில் எழுதினோம். அடுத்து, பாளையங்கோட்டை வாடிக்கையாளர் தளத்தின் வழி வந்தவர் அல்லர் என்பதற்கு, தளத்தில் சேருவதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் வாங்கியவை குறிக்கப்பட்ட கணக்குப் புத்தகத்தின் பக்கங்களையும், அவர் அனுப்பிய பணம் பதிவான வங்கி ஏட்டின் பக்கத்தையும் படமெடுத்து இணைத்தோம்.

முதலில் வந்தது எல்லோருக்கும் அனுப்பும் அச்சடித்த பதில். இரண்டாம் முறை எழுதினோம். பதினோராம் நாள், 900 ரூபாய்க் கோரிக்கையைக் கைவிட்டதாகவும், 2,100 போக மீதி 7,300 ரூபாயை விடுவிப்பதாகவும், மீண்டும் இப்படி நடந்தால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். அதன் பிறகும் பல வாரங்கள் அவளுடைய பாய்கள் தேடலில் எங்கோ அடியில்தான் தெரிந்தன. ரமளானில் விற்பனை மிகக் குறைவு. பெருநாளுக்குப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஓர் உடுப்புதான் எடுத்தாள். உண்மை சொன்னதும் எல்லாம் நேராகிவிட்டது என்று நான் இங்கே எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

கணக்குப் பார்த்தால் கோவைப் பாயில் அவளுக்கு மிஞ்சியது 10,900. முறையாக விற்றிருந்தால் 11,900 வந்திருக்கும். பேசி முடித்த விலையை மாற்றிக் கோவைக் குடும்பத்தாரிடம் ஆயிரத்தைக் கேட்க அவள் சம்மதிக்கவில்லை. யோசனை சொன்ன பாவத்துக்கு அந்த ஆயிரத்தை நான் கொடுக்கிறேன் என்றேன். “பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தில் கழித்துக்கொள்கிறேன் காக்கா” என்று சிரித்தாள். வாங்கிக்கொண்டாள். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது அவள் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறாள். தளத்தில் இடும் பாய்க்குக் கட்டணத்தையும் சேர்த்தே விலை நிர்ணயிக்கிறாள். தளத்தில் அறிமுகமானவர்களின் பெயர்களை ஒரு புத்தகத்திலும், உறவினர் சொல்லியும் ஊரார் சொல்லியும் நேரே வருபவர்களின் பெயர்களை இன்னொரு புத்தகத்திலும் எழுதுகிறாள். தளத்தில் யாராவது தொலைபேசி எண் கேட்டால், இந்தப் பாயை இங்கேயே முடித்துக்கொள்வோம் என்று பதில் எழுதுகிறாள். கட்டணம் தாளவில்லை என்று தோன்றினால் தளத்தைவிட்டு விலகும் உரிமை அவளுக்கு உண்டு. உள்ளே இருந்துகொண்டே துண்டுக்கு வெளியே விரலை நீட்டும் உரிமை இல்லை.

சகோதர சகோதரிகளே! நம் இல்லங்களில் பெண்கள் தைத்தும் சமைத்தும் பின்னியும் இணையத்தில் விற்கிறார்கள். பிள்ளைகள் அதன் வழியே வேலை தேடிக்கொள்கிறார்கள். எதிரே மனித முகம் தெரியாததால், அங்கே யாருடைய உரிமையும் இல்லை என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு நம்பிக்கையாளர்களுக்குக் கட்டளையிடும்போது, நேரில் கைகொடுத்துச் செய்த ஒப்பந்தம், திரையில் விரலால் தொட்டுச் செய்த ஒப்பந்தம் என்று பிரித்துப் பேசவில்லை. அடையாளமிடுவதற்கு முன் படித்துப் பாருங்கள். கட்டணத்துக்குரிய விற்பனை எது என்று கேட்டுத் தெளிவு பெறுங்கள். பழைய வாடிக்கையாளர்களின் கணக்கை எழுதி வையுங்கள். தவறாகக் கேட்டால் சான்றோடு மறுத்துப் பேசுங்கள். சரியாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

வாப்பாவின் அந்தத் துண்டு இன்னும் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அவர்களுக்கு வரவேண்டிய கூலி எத்தனை பேரிடம் நின்றுபோனதோ, அல்லாஹ்வே அறிவான். அந்தக் கடனாளிகளின் வரிசையில் அவர்களுடைய மக்களே சேர்ந்துவிடாமல் தடுத்தவள் என் தங்கை.

யா அல்லாஹ்! எங்கள் வாப்பாவின் கப்ரை விசாலமாக்குவாயாக. எங்கள் சம்பாத்தியத்தில் பிறர் கூலி கலந்துவிடாமல் காப்பாயாக. ஹலாலான குறைவிலும் பரக்கத் செய்வாயாக. ஆமீன்.